பின்வீட்டில் நாய் கிடையாது

என் நாய் குரைக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வாடகை வீட்டில் நாயை ஒளித்து வைத்திருப்பவளுக்குக் காதும் கேட்காது என்றால் அவள் பாடு என்ன என்று ஒரு நிமிடம் யோசித்தால் சிரிப்பு வராது. திருட்டுத்தனம் செய்கிற மற்றவர்கள், மாட்டிக்கொண்டோமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கவனிக்கலாம். நான் எதைத் தீட்டுவது? பத்து மாதம், அந்த நாய் வாயைத் திறந்தபோதெல்லாம் அதையே உற்றுப் பார்த்தேன். கொட்டாவியா, குரைப்பா? கண் முன்னால் இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்; குரைக்கும்போது அதன் முன்னங்கால்கள் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பும். நான் வேலைக்குப் போன பிறகு பூட்டிய வீட்டுக்குள் அது என்ன செய்தது என்று யாரைக் கேட்பது? கேட்டால் நாய் இருப்பது தெரிந்துவிடும்.

நான் பிறவியிலேயே காது கேளாதவள் இல்லை. பதினெட்டு வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்தேன். வரிசை வரிசையாக நூல் சுற்றும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுவதுதான் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுக்குள் யாரும் கத்துவதில்லை, உதட்டை மட்டும் அசைப்போம். நாலு மெஷின் தள்ளி நிற்கிறவளோடுகூட, மேஸ்திரி முகத்தைத் திருப்பிய நேரத்தில், இன்றைக்கு என்ன குழம்பு, மாமியார் என்ன சொன்னாள், யாருக்கு யார்மேல் கண் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவோம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேர்த்து அரிக்கிறது என்று பிடுங்கி எறிந்தோம். அந்த வயதில் காது போகும் என்று யார் நினைத்தது?

பதினேழு வருடத்தில் வலது காது முழுக்கப் போயிற்று. இடது காதில், கேட்பதற்கென்று ஒரு சின்ன மெஷின் மாட்டினால் உலகம் மொத்தமும் ஒரே இரைச்சலாக உள்ளே வருகிறது. அதில் பேச்சு எது, பஸ் எது என்று பிரிக்க முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். பேசுகிறவர் முகத்தைத் திருப்பிவிட்டால் அவ்வளவுதான். மில்லை மூடிய பிறகு தபால் வழியில் படித்து, இப்போது காந்திபுரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை.

நாயை நான் தேடிப் போகவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழையில், அப்போது குடியிருந்த வீட்டுச் சாக்கடைத் திட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில் சாதாரணத் தெருநாய்க் குட்டி. இரண்டு நாள் வைத்திருந்து யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றுதான் உள்ளே எடுத்தேன். மூன்றாம் நாள் படித்துக்கொண்டிருந்தபோது அது ஓடி வந்து என் முழங்காலை மூக்கால் முட்டியது, கதவுக்கு ஓடியது, திரும்பி வந்து முட்டியது. போய்த் திறந்தால் கேஸ் சிலிண்டர்காரர் நிற்கிறார். அதற்கு முன் மூன்று முறை தட்டிவிட்டுத் திரும்பிப் போனவர். பிறகு குக்கர் விசிலுக்கு முட்டியது. பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் சத்தம் கேட்டால் முட்டியது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர், அதை விட்டால் அந்த வாரம் தொலைந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை என்பதை அது தானாகவே தெரிந்துகொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு நான் சரியாகத் தூங்கியதே இல்லை. கதவை யாராவது உடைத்தாலும் எனக்குத் தெரியாதே! கதவுக்குப் பின்னால் எவர்சில்வர் குடத்தை வைப்பேன். அது விழுந்தாலும் எனக்குக் கேட்காது என்பது பிறகுதான் உறைக்கும். நாய் வந்த பிறகுதான் தூங்கினேன். அதற்குப் பெயர் உண்டு. அது எனக்கும் அதற்கும் இடையில் இருக்கட்டும்.

போன வருடம் அந்தப் பழைய வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். வீடு தேடக் கிளம்பினேன். எங்கள் ஊர்க்காரர்கள் 'இல்லை' என்று சொல்வதைப் போல மரியாதையாக உலகத்தில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். உட்கார வைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், காபி வேண்டுமா என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவார்கள். கணபதியில் ஓர் அம்மா வீடு முழுவதும் சுற்றிக் காட்டினார். நாய் என்றதும் முகம் மாறவே இல்லை. "அதுக்கென்னுங்க. ஆனா பாருங்க, ஒறம்பரைக்கு ஒருத்தருக்கு ஊடு வேணும்னு நேத்துத்தான் சொல்லிப்போட்டாங்க" என்றார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பத்து நாள் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். 'வீடு வாடகைக்கு' அட்டை அப்படியே தொங்கியது.

விளாங்குறிச்சிப் பக்கம் ஒருவர் வாசலில் கன்றுக்குட்டி உயரத்துக்கு இரண்டு நாய்களைக் கட்டி வைத்துக்கொண்டே, "நாயி நமக்கு ஒத்து வராதுங்க" என்றார். நான் அந்த இரண்டையும் பார்த்தேன். "அதுக எங்குளுதுங்க, காவலுக்கு" என்றார். அவர் வளர்த்தால் காவல், நான் வளர்த்தால் தொந்தரவு! வீட்டுக்காரருக்கு நாய் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. குடித்தனக்காரிதான் காரணம் சொல்ல வேண்டும்.

நாய்க்கு முன்னால் வேறு கேள்விகள் வரும். சொந்த ஊர் எதுங்க? ஊட்டுல எத்தனை பேருங்க? ஒத்தையாவா இருப்பீங்க? கோயில் எதுங்க? இந்தக் கடைசிக் கேள்வி சாமி கும்பிடுவதற்காகக் கேட்பதில்லை; குலதெய்வக் கோயிலைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். "சர்ச்சுங்க" என்பேன். "ஓ" என்று உதடு குவியும். அந்த 'ஓ'வை எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் சர்ச் என்பதற்காக வீடு இல்லை என்று எவரும் சொன்னதில்லை. விதவை, தனியாக இருக்கிறாள், காது கேட்காது என்பதற்காகவும் சொன்னதில்லை. அதெல்லாம் சொன்னால் அசிங்கம். நாய் இருக்கிறது என்றேனா, அப்பாடா என்று எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். சில வீடுகளில் அந்த நிம்மதி முகத்திலேயே தெரிந்தது. நாய் செய்த உதவிகளில் அவர்களுக்குச் செய்த உதவியும் சேர்த்தி.

சொந்தமாக ஃபிளாட் வைத்திருப்பவர்களை நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்க முடியாதாம். அச்சகத்தில் யாரோ சொன்னார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் புரோக்கர் என்னை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி வைத்துப் பேசினார். நல்ல மனிதர், நான் உதட்டைப் படிப்பதற்காக மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பேசுவார். "ஏனுங்க அம்மணி, நீங்க இப்படி நெசத்தையே பேசீட்டிருந்தா நடுரோட்லதான் குடியிருக்கோணும். நாயைப் பத்தி வாயே தொறக்காதீங்க. மொதல்ல பாலைக் காய்ச்சிப் போட்டு உள்ள போயிருங்க. அப்பறம் மெதுவா நான் பேசிக்கறனுங்க" என்றார்.

அந்த 'அப்பறம் மெதுவா' வரவே இல்லை. வரும் என்று நம்பினேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீடு ஒண்டிப்புதூரில். மாடியில் வீட்டுக்காரர்கள், கணவனும் மனைவியும். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்து வீடு கட்டியவர்கள். கீழே இரண்டு குடித்தனம்: முன்வீட்டில் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவர், அவர் மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். பின்வீட்டில் நான். என் பின்கதவு ஒரு சந்தில் திறக்கும், அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டையே எடுத்தேன். பதினோரு மாத அக்ரிமெண்டில் எட்டாவது வரி: 'வாடகைதாரர் நாய், பூனை முதலிய பிராணிகள் எதையும் வளர்க்கக் கூடாது.' ஒரு நாளைக்கு நூறு பத்திரிகையில் புள்ளி விட்டதைக்கூடப் பிடிக்கிறவள் நான். அந்த வரி கண்ணில் படாத மாதிரி கையெழுத்துப் போட்டேன். ஆவணியில் பால் காய்ச்சினேன். "சர்ச்சுக்காரங்களும் பால் காய்ச்சுவீங்களா அம்மணி?" என்று வீட்டுக்கார அக்கா ஆச்சரியப்பட்டார். "நாங்களும் டீ குடிக்கறவங்கதானுங்க அக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் விடிந்ததும் ஆட்டோவில் சந்துப் பக்கமாக நாயைக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து பயம் ஆரம்பித்தது. நாய் என் முன்னால் குரைத்தால் உடனே வாயைக் கையால் பொத்துவேன். விரலை ஆட்டி, கண்ணை உருட்டுவேன். கதவு தட்டும்போது குரைக்காமல் வந்து முட்டினால் ஒரு துண்டு வர்க்கி பிஸ்கட் கொடுப்பேன். புத்திசாலி நாய். என் கண் முன்னால் ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. அது வாயைத் திறக்கப் போய், என் முகத்தைப் பார்த்து, மூடிக்கொள்ளும். அந்தப் பார்வையைப் பார்த்தால் மனசு ஒடிந்து போகும். ஆனாலும் விடவில்லை. விட்டால் இரண்டு பேரும் தெருவில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் இல்லாத நேரம்தான் என்னைத் தின்றது. அச்சகத்தில் மேசையில் உட்கார்ந்திருப்பேன், கண் மணமகள் பெயரில் இருக்கும், மனசு ஒண்டிப்புதூரில் இருக்கும். இந்நேரம் தபால்காரர் வந்திருப்பாரே, குரைத்திருக்குமா? சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக முகங்களைப் பார்ப்பேன். முன்வீட்டுப் பெண் வாசல் தெளிக்கும்போது புருவத்தைச் சுருக்கினாளா? வீட்டுக்கார அக்கா சிரித்தாரே, அது வழக்கமான சிரிப்பா? ஒரு நாள் அக்கா படியில் நின்று, "ஏனுங்க அம்மணி, உங்கூட்ல அப்படியென்ன சத்தமுங்க?" என்று கேட்டார். "மிக்ஸிங்க அக்கா. கீழ ரப்பர் போயிருச்சு" என்றேன். "அதானே பாத்தேன்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு என் மிக்ஸி அலமாரியில் துணி சுற்றி இருந்தது.

விடிகாலையில் சந்து வழியாக நாயை நடத்திக்கொண்டு போவேன், கயிறு கட்டாமல். யாராவது எதிரில் வந்தால் அது யாரோ நான் யாரோ என்று நடப்பேன். ஒரு காலை வீட்டுக்கார அண்ணாவே பால் பாக்கெட்டோடு எதிரில் வந்துவிட்டார். "தெரு நாய்ங்க அண்ணா, பின்னாலயே வந்துட்டிருக்குது" என்றேன். பாவி நாய் என் கால்மேல் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க, தெரு நாயெல்லாம் இப்ப நல்லாப் பழகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிழைத்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்படிப் பத்து மாதம் ஓடியது. ஆனி பிறந்த வாரம் வீட்டுக்கார அக்கா கீழே இறங்கி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. எங்க ஒறம்பரைல ஒரு குடும்பம் இங்க வாராங்களாமா. ஆடி பொறந்துட்டா யாரும் குடி மாற மாட்டாங்க பாருங்க, அதுக்குள்ள நீங்க வேற ஊடு பாத்துக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தார். நான் தலையாட்டினேன். நாலு வாரம்! மறுபடி அந்தத் தண்ணீர், அந்த நாற்காலி, அந்த 'ஓ'. இந்தத் தடவை நாயை எங்காவது கொண்டுபோய் விடத்தான் வேண்டும் என்று முதல் முறையாக நினைத்தேன். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழைய மில் தோழி ஒருத்தி இருக்கிறாள். தோப்பில் காவலுக்குப் போடுவாள். அந்தப் பக்கம் யானை வரும். சங்கிலியில் கட்டிய நாய் யானை வந்தால் எங்கே ஓடும்? நினைத்த மாத்திரத்தில் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. கீழே முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மாடி வராந்தாவில் வீட்டுக்காரர்கள் இருவரும் என்னைப் பார்த்த மாதிரி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கூடப் பேசியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் ஒன்றுதான். மில்லில் நாலு மெஷின் தள்ளிப் படித்தவளுக்கு ஒரு மாடி உயரம் பெரிய தூரமா?

"பாவமா இருக்குதுங்க" என்றார் அக்கா.

"என்ன பாவம்? மூஞ்சிக்கு நேராப் பொய் சொன்னவளை எப்படி வெச்சிருக்கறது? மொத நாள்லிருந்தே நாயி கொரைச்சுட்டுத்தானே இருந்துது. ஊருக்கே தெரியும். இன்னும் தெரு நாய்ங்கறா" என்றார் அண்ணா.

கையிலிருந்த ஈரச்சேலை மண்ணில் விழுந்தது. முதல் நாளிலிருந்து! இவர்களுக்குத் தெரியும், முன்வீட்டுக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். நான் மட்டும்தான் ரகசியம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்து மாதமாக அத்தனை பேரும் என் மிக்ஸிக் கதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. மண்ணான சேலையை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன்.

"ஒறம்பரை யாரும் வரலைன்னு எனக்குத் தெரியுமுங்க. நாயி இருக்கறது உங்குளுக்குத் தெரியும். இப்பப் பேசலாமுங்களா?" என்றேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா பயந்து ஓர் அடி பின்னால் போனதால் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அக்காதான் முதலில் பேசினார். "நீங்க வந்த புதுசுல, வேலைக்குப் போனதும் ஆரம்பிக்குமுங்க அம்மணி. சாயங்காலம் நீங்க வாரவரைக்கும் கொரைச்சுட்டே கெடக்கும்."

"ஏனுங்க அக்கா என்கிட்டச் சொல்லல? நான் செத்துச் செத்துப் பொழைச்சிட்டிருந்தேனே!"

"எப்படிங்க சொல்றது? காது கேக்காதவங்ககிட்டப் போயி சத்தம் தாங்க முடியலைன்னு சொன்னா உங்க மனசு நோகாதுங்களா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தமுங்க. அதுக்குத்தான் அன்னைக்கு என்ன சத்தம்னு கேட்டேன். மிக்ஸின்னீங்க."

மனசு நோகக் கூடாதாம். வீட்டை விட்டு அனுப்பினால் நோகாது, சொன்னால் நோகும்! இப்படி ஒரு மரியாதையை எங்கே போய்ச் சொல்வது?

அண்ணா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "நாயி கூடப் பரவால்லீங்க. மறைச்சுப் போட்டீங்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்ல."

"சொல்லியிருந்தா ஊடு குடுத்திருப்பீங்களா அண்ணா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு அக்காவே, "குடுத்திருக்க மாட்டமுங்க" என்றார். அந்த நேர்மைக்காக அவரை இன்றுவரை எனக்குப் பிடிக்கிறது.

"அதில்லீங்க," என்றார் அண்ணா. "முன்னூட்டுப் பாப்பா ஒரு குட்டி வளக்கோணும்னு அழுதுது. கூடாதுன்னுபோட்டோம். இப்ப அவுங்க வந்து, எங்களுக்கு ஒரு சட்டம் பின்னூட்டுக்கு ஒரு சட்டமான்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானே இருக்கோணும்?"

முன்வீட்டுப் பெண் அப்படிக் கேட்டிருக்கிறாள் என்றதும் முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? எட்டாவது வரி அவளுடைய அக்ரிமெண்டிலும் இருக்கிறது, என்னுடையதிலும் இருக்கிறது. ஒரே வரிதான். அவள் வீட்டில் அது ஒரு குழந்தையின் அழுகையோடு முடிந்தது. என் வீட்டில் அது கதவு தட்டுவதை, தண்ணீர் வருவதை, என் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும். இதை எப்படி இவருக்குச் சொல்வது என்று தெரியாமல் காதிலிருந்த மெஷினைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அவர் திடுக்கிட்டுப்போனார்.

"இதையும் வாசல்லயே கழட்டி வெச்சிட்டுத்தான் உள்ள வரோணும்னு அக்ரிமெண்டுல எழுதுவீங்களா அண்ணா? எழுத மாட்டீங்க. ஆனா இதுல எனக்கு வெறும் எரைச்சல்தானுங்க வருது. யாரு வந்தாங்க, என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்றது அந்த நாயிதான். பாப்பாவுக்கு நாயி ஆசைங்க. அந்த ஆசைக்கும் நீங்க கூடாதுன்னு சொல்லியிருக்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா எனக்கு அது ஆசையில்லீங்க."

மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். அக்கா அவரிடம் ஏதோ சொன்னார். முகம் திரும்பியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. பிறகு அண்ணா என் பக்கம் திரும்பி மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரிங்க. இருந்துக்குங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எழுதிக் குடுங்க அண்ணா."

"எதுக்குங்க எழுதிக்கிட்டு? எங்க வாய்ச்சொல் போதாதுங்களா?"

"வாய்ச்சொல்லு எனக்குக் கேக்காதுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் அதை நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமே அக்ரிமெண்ட் டைப் அடிக்கும் கடைக்குப் போனோம். எட்டாவது வரிக்குக் கீழே டைப் அடிப்பவர் அண்ணா சொன்னதைச் சேர்த்து நீட்டினார்: 'பின்வீட்டு வாடகைதாரர் காது கேளாதவர் என்பதால், கருணை அடிப்படையில், நாய் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது.' என் பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். 'கருணை அடிப்படையில்' என்பதை அடித்தேன்.

"நல்ல வார்த்தைதானுங்களே அம்மணி?" என்றார் அண்ணா.

"நல்ல வார்த்தைதானுங்க. ஆனா உங்களுக்கு என்மேல கோவம் வந்தா கருணை போயிரும். அப்பறம் நாயும் போயிரும்" என்றேன். டைப் அடிப்பவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டாவது வரியையே எடுத்துவிட்டால் முன்வீட்டுக்கும் நல்லது என்றும் சொல்லிப் பார்த்தேன். "அதை அப்பறம் பாக்கலாமுங்க" என்றார். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என்னுடையது கையில் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன் என்பது உண்மை. முன்வீட்டுப் பாப்பாவைப் பார்க்கும்போது இன்னும் உறுத்துகிறது.

திரும்பி வரும்போது வாசலில் அக்கா நின்றிருந்தார். பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. அது ஏன் இப்பெல்லாம் கொரைக்கறதே இல்ல?" என்றார்.

"நான் இல்லாதப்பக் கொரைக்குமேங்க?"

"இல்லீங்க அம்மணி. தீபாவளிக்கு அப்பறம் ஒரு சத்தம் இல்ல. வெடிக்குப் பயந்துதோ என்னமோன்னு நெனைச்சோம். செத்துப்போச்சோன்னுகூட ஒரு நாளு நான் உங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தனுங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒத்தையா இருக்கறவங்க. பாத்ரூம்ல வழுக்கி உளுந்து கெடந்தீங்கன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? கூப்புட்டாலும் உங்களுக்குக் கேக்காது. அது கொரைச்சாத்தானே நாங்க ஓடி வர முடியும்?"

இதை நான் யோசிக்கவே இல்லை. யார் வந்தாலும் எனக்குச் சொல்ல நாய் இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, எனக்கு ஒன்று என்றால் மற்றவர்களுக்குச் சொல்ல அதற்கு இருந்த ஒரே வழியை நானே என் கையால் பொத்தி மூடியிருக்கிறேன்.

இப்போது அதைக் குரைக்க வைக்கப் பார்க்கிறேன். முன்வீட்டுப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டு, உதவியும் கேட்டேன். அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். நான் கையைத் தட்டினேன். கதவைத் தட்டச் சொன்னேன். நாய் வந்து முழங்காலை முட்டியது, ஒரு சத்தம் இல்லாமல். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அதன் முகத்துக்கு நேராக நானே குரைத்துக் காட்டினேன். நாய் காதை மடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தது. அதன் வாய் லேசாகத் திறந்த மாதிரி இருந்தது. ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, "கொரைச்சுதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க அக்கா. நீங்கதான் கொரைச்சீங்க" என்றாள். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதுவும் சிரிப்பதை நிறுத்தியது.

இது நடந்து மூன்று வாரமாகிறது. வேலை முடிந்து வந்ததும் முதலில் முன்வீட்டு ஜன்னலைத்தான் பார்க்கிறேன். பகலெல்லாம் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். குரைத்ததா என்று உதட்டை மட்டும் அசைக்கிறேன். அவளும் இப்போது சத்தமில்லாமல் உதட்டை அசைக்கப் பழகிவிட்டாள். நேற்றும் இல்லை என்றாள்.